ஆறு சோப்புகள்

நவோகியின் அப்பாவும் அம்மாவும் ஜப்பானிலிருந்து வந்து இறங்குவதற்கு முந்தைய நாள், ஆட்ரியன் இரண்டாவது படுக்கையறைக்குள் போய், யாரும் படுக்காத கட்டிலில் படுத்து அப்படியும் இப்படியும் நாலு தடவை உருண்டான். விரிப்பு போதுமான அளவு கலையவில்லை. தலையணையைக் குத்தி ஒரு குழி செய்தான். மேசைமேல் தன் பைபிளையும் பாதி குடித்த தண்ணீர் கிளாஸையும் வைத்தான். வாசலில் நின்று பார்த்தபோது, நாகர்கோவில் சி.எஸ்.ஐ. சபையைச் சேர்ந்த, வேளாவேளைக்குத் தூங்கி எழும் ஒரு நல்ல பையனின் அறை மாதிரித்தான் இருந்தது.

"இந்த ரூம் நம்மளவிட நல்லா நடிக்குது," என்றான் பின்னால் வந்து நின்ற நவோகி.

இருவரும் பேசிக்கொள்வது ஆங்கிலத்தில். இருவருக்குமே அது இரவல் சட்டைதான்; ஆனால் மூன்று வருடமாக ஒன்றாக அணிந்து அணிந்து உடம்போடு ஒட்டிவிட்டிருந்தது. அமெரிக்காவின் சான்டா கிளாராவில், எல் கமினோ சாலையை ஒட்டிய அந்த அப்பார்ட்மென்டின் வாடகை ஒப்பந்தத் தாளில் இருவர் பெயரும் அடுத்தடுத்து இருந்தன. அந்தத் தாளைத் தவிர வேறெங்கும் இல்லை. ஆட்ரியன் ஒரு வங்கி மென்பொருளை இரண்டாயிரமாவது ஆண்டுக்குத் தயார் செய்துகொண்டிருந்தான். 1999 அக்டோபரில் அந்த ஊரில் பாதிப் பேருக்கு அதே வேலைதான். நவோகி ஒரு ஜப்பானிய நிறுவனத்தின் கிளையில் சிப் செய்யும் இயந்திரங்களைப் பழுது பார்த்தான். முப்பத்துநான்கு வயது. வருடக் கடைசியில் தொயாமா தலைமை அலுவலகத்துக்குத் திரும்பி வரச் சொல்லி ஆணை வந்திருந்தது. அதன் பின்னாலேயே அப்பாவும் அம்மாவும் வருகிறார்கள், பெட்டியில் அவனுக்குப் பார்த்த ஒரு பெண்ணின் புகைப்படத்தோடு. கெட்டி அட்டையில் புத்தகம்போல மடித்த, முறையாக எடுத்த பெரிய படம். அவர்கள் திரும்பிப் போவதற்குள் அவன் பதில் சொல்லியாக வேண்டும்.

"நான் சொல்லிடப் போறேன்," என்று நவோகி ஒரு வாரமாகச் சொல்லிக்கொண்டிருந்தான். "அவங்க சந்தோஷப்பட வேண்டாம். சரின்னுகூட வேண்டாம். ஒரே ஒரு வார்த்தை, 'உன் இஷ்டம்'னு சொன்னாப் போதும். வேலையை விட்டுட்டு இங்கேயே வேற வேலை பார்த்து, க்ரீன் கார்டு அப்ளை பண்ணி, உன்கூடவே இருந்துடுவேன்."

"சொல்லலேன்னா?"

நவோகி சமையலறைக்குப் போய், மளிகைப் பைகளை ஒவ்வொன்றாக எடுத்து முக்கோணமாக மடிக்க ஆரம்பித்தான். பதில் இல்லாத கேள்விக்கு அவன் செய்வது அது. இழுப்பறை நிறைய முக்கோணங்கள் இருந்தன.

வந்தவர்களைச் சுற்றிக் காட்ட தன் பழைய சிவிக் கார் போதாது என்று, ஆட்ரியன் ஃப்ரீமான்டில் இருந்த மயில்சாமியிடம் வேனைக் கேட்டான். மயில்சாமி அவனோடு வேலை பார்ப்பவர், பொள்ளாச்சிப் பக்கம். சாவியைக் கொடுக்குமுன் ஒரு பார்வை பார்த்தார்.

"ஏனுங்க ஆட்ரியன், எங்கப்பா வந்தப்பவே நான் ஒரு நாள் லீவுதானுங்க போட்டேன். ரூம்மேட் அப்பாவுக்கு நீங்க மூணு நாள் போடறீங்க?"

"அவங்களுக்கு இங்கிலீஷ் வராதுங்க, பாவம்."

"உங்களுக்கு ஜப்பான் பாஷை வருங்களாக்கும்?" சிரித்துக்கொண்டே சாவியைத் தூக்கிப் போட்டார். "டேங்க் ஃபுல் பண்ணிக் குடுங்க, அது போதும்."

நவோகியின் அப்பா, மொரிஷிதா பெரியவர், ரயில் நிலைய அதிபராக இருந்து ஓய்வு பெற்றவர். பேசுவதைவிடக் கைக்கடிகாரம் பார்ப்பது அதிகம். அம்மா சின்ன உருவம். எதைக் கொடுத்தாலும் இரண்டு கையாலும் வாங்கி, நெஞ்சுவரை கொண்டுபோய், பிறகுதான் கீழே வைப்பார். பக்கத்திலேயே ஹோட்டலில் தங்கினார்கள். நடித்துக்கொண்டிருந்த அறையை அம்மா ஒருமுறை எட்டிப் பார்த்தார். பைபிளைப் பார்த்துத் தலையசைத்தார். கட்டிலை ஆட்ரியன் எதிர்பார்த்ததைவிட ஒரு கணம் கூடுதலாகப் பார்த்தார்.

சனிக்கிழமை மதியம், சாப்பாடு முடிந்ததும், நவோகி நாற்காலியிலிருந்து இறங்கித் தரைவிரிப்பில் முழங்கால் மடித்து உட்கார்ந்தான். ஆட்ரியன் சமையலறைத் தொட்டியில், ஏற்கெனவே கழுவிய தட்டைத் திரும்பக் கழுவிக்கொண்டிருந்தான். அவனுக்குத் தெரிந்த ஜப்பானியச் சொற்கள் இருபது இருக்கும். நவோகி தாழ்ந்த குரலில், நிறுத்தாமல், மனப்பாடம் செய்ததை ஒப்பிப்பதுபோலப் பேசினான். அதற்குள் இரண்டு முறை "ஆட்ரியன்-சான்" என்று மரியாதையோடு தன் பெயர் வந்தது. பிறகு நின்றது.

குழாயை மூட ஆட்ரியனுக்கு மறந்துவிட்டது. தண்ணீர் பாட்டுக்குக் கொட்டிக்கொண்டிருந்தது.

அம்மா மேசையிலிருந்து ஏதோ ஒரு துணுக்கை விரலால் ஒற்றி எடுத்தார். அங்கே துணுக்கு எதுவும் இல்லை. பெரியவர், "சோ கா" என்றார். இருபது சொற்களில் அது ஒன்று: அப்படியா. பிறகு கடிகாரத்தைப் பார்த்து இன்னொன்று கேட்டார். நவோகி பதில் சொன்னான். பெரியவர் எழுந்து ஜன்னலுக்குப் போய் வாகன நிறுத்துமிடத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

நவோகி சமையலறைக்கு வந்து குழாயை மூடினான்.

"என்ன கேட்டார்?"

"நாளைக்கு மான்டெரே போக எத்தனை மணிக்குக் கிளம்பணும்னு கேட்டார்."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

"கோபப்படலையே?"

"இல்லை."

"அம்மா அழலையே?"

"இல்லை."

ஆட்ரியன் ஈரக் கையைச் சட்டையில் துடைத்தான். "நவோகி, எங்க வீட்டுல இதைச் சொல்லியிருந்தா இந்நேரம் மூணு தெருவுக்குக் கேட்டிருக்கும். அத்தைங்க நாலு பேர் ஆட்டோ பிடிச்சு வந்திருப்பாங்க. சத்தமே வரலேன்னா நல்லதுதானே?"

நவோகி ஒரு மளிகைப் பையை எடுத்தான். மடிக்கவில்லை. கையில் வைத்துக்கொண்டு நின்றான். "தெரியலை," என்றான். "எனக்கே தெரியலை."

மறுநாள் மான்டெரேவுக்கு ஆட்ரியன்தான் ஓட்டினான். யாரும் எதையும் பேசவில்லை. ஆனால் எதுவும் உடையவும் இல்லை. கடல் ஓரம் நடந்தார்கள், நீர்நாய்கள் மிதப்பதைப் பார்த்தார்கள். பெரியவர் அவற்றை எண்ணினார். அம்மா ஆரஞ்சு உரித்து, நாரெல்லாம் நீக்கி, சுளைகளைக் காகிதக் கைக்குட்டையில் வைத்து ஆட்ரியனிடமும் நீட்டினார். புகைப்பட அட்டையைப் பற்றிப் பேச்சே எழவில்லை. திரும்பும் வழியில், சான் ஹோசேயில் ஜப்பானியக் கடைகள் இருக்கும் தெருவில் நிறுத்தச் சொன்னார் அம்மா. தனியாகவே உள்ளே போனார். அரை மணி நேரம் கழித்து ஒரு பையோடு வந்தார். பையை மடியிலேயே வைத்துக்கொண்டார்.

அன்று மாலை அவர்களை விமான நிலையத்துக்குப் பக்கத்து ஹோட்டலுக்கு மாற்ற வேண்டும். திங்கட்கிழமைக் காலை விமானம். நவோகி அவர்களோடு இரவு தங்கி, ஏற்றிவிட்டு வருவதாக ஏற்பாடு. அவனும் அப்பாவும் பெட்டிகளைக் கீழே கொண்டுபோன நேரத்தில், அம்மா வீட்டு வாசலில் ஆட்ரியனுக்கு எதிரே நின்றார். பையிலிருந்து ஒரு பெட்டியை எடுத்தார். வெள்ளைக் காகிதம் சுற்றி, நடுவில் சிவப்பும் வெள்ளையுமாக ஒரு விறைப்பான கயிறு கட்டியிருந்தது. கயிற்றுக்கு மேலே தூரிகையால் எழுதிய நாலைந்து எழுத்துகள்.

அம்மா ஏற்கெனவே யோசித்து வைத்திருந்த ஆங்கிலத்தில் சொன்னார்: "என் மகன். நீண்ட நாள். பார்த்துக்கொண்டீர்கள். நன்றி."

இடுப்பு வரை குனிந்தார். அவ்வளவு ஆழமாக ஒரு பெரியவர் தனக்குக் குனிந்து ஆட்ரியன் பார்த்ததே இல்லை. அவன் இரண்டு கையாலும் பெட்டியை வாங்கினான். ஊர்ப் பழக்கத்தில் தலையைத் தாழ்த்தினான். அவர் கையை வைத்து ஜெபித்து ஆசீர்வதிப்பார் என்று காத்திருப்பவன்போல. கை வரவில்லை. நிமிர்ந்தபோது அவர் படி இறங்கிக்கொண்டிருந்தார்.

வேன் போனதும் பெட்டியை மேசையில் வைத்தான். முடிச்சை அவிழ்க்கப் பார்த்தான், முடியவில்லை. இழுக்க இழுக்க இறுகியது. கயிற்றை அப்படியே பக்கவாட்டில் நகர்த்திக் கழற்றினான். உள்ளே ஆறு சோப்புகள். பால் நிறம். ஒவ்வொன்றும் மெல்லிய தாளுக்குள்.

ஆட்ரியன் சிரித்துவிட்டான். தனியாக, சத்தமாக.

தங்கை ஜெபினாவின் கல்யாணத்துக்கு முந்தைய நாள் ஊரில் தன் அம்மா தட்டு அடுக்கியது நினைவுக்கு வந்தது. மாப்பிள்ளைக்கு வேட்டி சட்டை, சீப்பு, கண்ணாடி, பவுடர், சென்ட், இரண்டு சோப்பு. "இரண்டு எதுக்கும்மா?" என்று கேட்டதற்கு, "குளிக்கட்டும்லே, நம்ம வீட்டுப் பிள்ளையாயிட்டான்லா," என்றாள் அம்மா. மாப்பிள்ளை வீட்டு வாசலில் அந்தத் தட்டைக் கொடுத்ததோடு பெண் வீட்டார் தங்கள் சம்மதத்தைக் கொடுத்து முடித்தார்கள்.

விஷயம் தெரிந்த பிறகு வாங்கியிருக்கிறார். தனியாகப் போய் வாங்கியிருக்கிறார். சிவப்புக் கயிறு கட்டி, குனிந்து கொடுத்திருக்கிறார். பூமிப்பந்தின் அந்தப் பக்கத்தில் இருக்கும் ஏதோ ஒரு ஊரில், அவனுக்கு எழுத்துகூட வாசிக்கத் தெரியாத ஒரு ஊரில், ஒரு அம்மா அவனுக்குத் தட்டு அடுக்கியிருக்கிறார். நவோகி கேட்ட ஒரு வார்த்தைக்குப் பதில் ஆறு சோப்பு.

ஞாயிறு மாலை மணி ஏழு. நாகர்கோவிலில் திங்கள் காலை ஏழரை. அப்பா பேப்பர் பார்த்துக்கொண்டிருப்பார். அந்த நிமிடத்தை விட்டால் தைரியம் போய்விடும் என்று அவனுக்குத் தெரிந்தது. ஃபோன் கார்டின் எண்களை அழுத்தினான்.

அப்பா தாமஸ் பஞ்சாயத்து யூனியன் அலுவலகத்தில் சூப்பரின்டெண்டாக இருந்தவர். ஃபோனை எடுத்தால் இன்னும் அதே குரல்தான்.

"ஆரு, ஆட்ரியனா? என்னடே, நேத்துதானே பேசுன? ஒண்ணும் இல்லியே?"

"ஒண்ணும் இல்லப்பா. ஒரு விஷயம் சொல்லணும். எனக்குப் பொண்ணு பாக்க வேண்டாம்."

லைனில் கடலின் இரைச்சல் மாதிரிக் கேட்டது. பிறகு அப்பாவின் குரலில் ஒரு சிரிப்பு. "நெனச்சேன். அங்க ஆரையோ பாத்து வச்சிருக்க. வெள்ளக்காரியா?"

"இல்லப்பா. ஜப்பான்."

"ஜப்பான்காரியா!" அப்பா ரிசீவரை நகர்த்திக் கூப்பிட்டது கேட்டது. "எடி கிருபா, ஒனக்க மவன் ஜப்பான்காரியப் பிடிச்சிருக்கான்டி." உள்ளேயிருந்து பாத்திரச் சத்தத்துக்கு நடுவே அம்மா, "கிறிஸ்தியானியான்னு கேளுங்க," என்றாள். "கேளு, அம்மா கேக்கா. கிறிஸ்தியானியா? இல்லேன்னாலும் ஞானஸ்நானம் குடுத்துக்கலாம், அதெல்லாம் இப்ப ஆரு பாக்கா."

அவ்வளவு எளிதாக, அவ்வளவு சந்தோஷமாக அப்பா பேசி ஆட்ரியன் கேட்டு எத்தனையோ வருடங்கள் ஆகியிருந்தன. அந்தக் குரலை இன்னும் ஒரு நிமிடம் அப்படியே விட்டுவைக்கலாமா என்றுகூடத் தோன்றியது.

"பொண்ணு இல்லப்பா," என்றான். "நவோகி. எங்கூட இருக்கானே, அவன்தான். ரூம்மேட்னு சொல்லிட்டிருந்தேன். ரூம்மேட் இல்லப்பா."

பாத்திரச் சத்தம் மட்டும் கேட்டது. அதுவும் நின்றது.

"அப்பா?"

அவர் மூச்சு விடுவது கேட்டது. எதையாவது சொல்லி அந்த இடத்தை நிரப்ப வேண்டும் என்ற பதற்றத்தில், கையில் இருந்த ஒரே சாட்சியை ஆட்ரியன் எடுத்து நீட்டினான்.

"அவங்க வீட்டுல ஏத்துக்கிட்டாங்கப்பா. அவங்க அம்மா எனக்கு சோப்பு குடுத்தாங்க."

"சோப்பா?"

"ஆமாப்பா. பெட்டில வச்சு, கயிறு கட்டி. ஜெபினா கல்யாணத்துல நாம குடுத்தோம்லா, அது மாதிரி."

அப்பா குரலைத் தாழ்த்தினார். அலுவலகக் குரல் போயிருந்தது. "நீ இத இன்னொருக்க சொல்லாத. நீ சொல்லவும் இல்ல, நான் கேக்கவும் இல்ல, பாத்துக்க."

"என்னவாம்?" என்றது அம்மாவின் குரல், பக்கத்தில் வந்து. "ஜப்பான்காரி பேரென்ன?"

"லைன் சரியில்ல," என்றார் அப்பா. "ஒண்ணும் கேக்கல." வைத்துவிட்டார்.

கார்டில் இன்னும் முப்பத்தெட்டு நிமிடங்கள் இருப்பதாகப் பதிவு செய்த ஒரு பெண் குரல் சொன்னது.

அப்பா மாற நாளாகும், அது தெரிந்ததுதான், என்று ஆட்ரியன் தனக்குச் சொல்லிக்கொண்டான். ஒரு வீடாவது திறந்திருக்கிறதே. ஒரு வாசல் போதும் மனிதனுக்கு. சோப்புகளை மேசையின் நடுவில், நவோகி வந்தவுடன் கண்ணில் படும்படி வைத்தான்.

நவோகி மறுநாள் மதியம் வந்தான். கழுத்துப்பட்டையைத் தளர்த்திக்கொண்டே மேசையைப் பார்த்தவன், அப்படியே நின்றான். பெட்டியைத் தொடவில்லை. பக்கத்தில் கிடந்த வெள்ளைக் காகிதத்தை எடுத்து, தூரிகை எழுத்துகளை வாசித்தான்.

"அம்மாவா குடுத்தாங்க?"

"நீ கீழ இருந்தப்ப. பாத்தியா? நான் சொன்னேன்ல. நல்லா குனிஞ்சு, நன்றின்னு..."

"ஆட்ரியன்." நவோகி உட்கார்ந்தான். "எங்க ஊர்ல ஒருத்தர் நோயில விழுந்து எழுந்தா, அந்த நேரத்துல பார்த்துக்கிட்டவங்களுக்கு வீட்டுக்காரங்க இதைக் குடுப்பாங்க. நோய் தீர்ந்துடுச்சு, உங்க உதவிக்கு நன்றின்னு. கரைஞ்சு தீர்ற பொருளாத்தான் குடுக்கணும். சோப்பு, சர்க்கரை, தேயிலை. நோய் தண்ணியோட போயிடணும்." கயிற்றை விரலில் எடுத்தான். "முடிச்சு அவிழக் கூடாது. திரும்ப வரக் கூடாதுங்கறதுக்காக."

ஆட்ரியன் முதலில் அதைத் தப்பாகப் புரிந்துகொண்டதாகவே நினைத்தான். "நோயா? யாருக்கு?"

நவோகி அவனைப் பார்த்தான். கயிறு பிடித்த கையால் தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டினான்.

"அப்ப நீ அவங்ககிட்டப் பேசலாமே. இன்னொரு தடவை சொல்லலாமே."

"காலையில செக்யூரிட்டி வரிசைக்குப் போறதுக்கு முன்னாடி அப்பா அந்தப் படத்தை நீட்டினார். சுத்தி ஜனம். அம்மா தரையைப் பார்த்துட்டு நின்னாங்க." அவன் தன் உள்ளங்கைகளைத் திருப்பிப் பார்த்தான். "ரெண்டு கையாலயும் வாங்கிட்டேன். என் கை தானாப் போச்சு. வேற மாதிரி வாங்க எனக்குத் தெரியாது."

அட்டை அவன் பையில் இருந்தது. ஆட்ரியன் அதைப் பார்க்கக் கேட்கவில்லை.

"நான் எங்கப்பாகிட்டச் சொல்லிட்டேன்," என்றான்.

"எதை?"

"எல்லாத்தையும்."

நவோகியின் முகத்தில் அதுவரை இல்லாத ஒரு பயம் வந்தது. "ஏன்? நான்தானே சொல்றதா இருந்தது. நீ ஏன் சொன்னே?"

"உங்கம்மா சோப்பு குடுத்தாங்கன்னு," என்றான் ஆட்ரியன்.

அதைக் கேட்டு நவோகி சிரிக்க ஆரம்பித்தான். ஆட்ரியனும் சிரித்தான். அடக்க முடியாமல், ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். யார் முதலில் நிறுத்தினார்கள் என்று தெரியவில்லை. நிறுத்திய பிறகும் தோளை விடவில்லை.

வேனைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது மயில்சாமி கேட்டார்: "எல்லாம் நல்லபடியா முடிஞ்சுதுங்களா?"

"முடிஞ்சுதுங்க," என்றான்.

நவம்பர் முழுவதும் நவோகி பெட்டி கட்டினான். சண்டை போடவில்லை, சண்டைக்கு எதிராளி வேண்டும், இருவருமே ஒரே பக்கத்தில் தோற்றிருந்தார்கள். ஒருநாள் காலை குளியலறையில் அந்த ஆறில் ஒன்று பிரித்து வைக்கப்பட்டிருந்தது. "வீணாக்கக் கூடாது," என்றான் நவோகி. நல்ல சோப்பு. வாசனையே இல்லை. அதன் பிறகு இருவரும் அதைத்தான் தேய்த்துக் குளித்தார்கள். டிசம்பர் முதல் வாரம் ஆட்ரியன் சிவிக்கில் அவனை விமான நிலையத்தில் கொண்டுபோய் விட்டான். 101 நெடுஞ்சாலையில் அன்று நெரிசலே இல்லை. எவ்வளவு மெதுவாக ஓட்டியும் நேரத்துக்கு முன்பே போய்விட்டார்கள்.

ஊருக்கு ஃபோன் செய்யும்போதெல்லாம் அப்பா எடுத்து, குரலைக் கேட்டதும் பேசாமல் அம்மாவிடம் கொடுத்துவிடுவார். நவோகி போன மறு ஞாயிறு காலையிலும் அப்படித்தான். அம்மா மட்டும் அன்று வழக்கத்தைவிட உற்சாகமாக இருந்தாள்.

"மக்கா, இன்னைக்கு சர்ச்சுல ஒனக்காக ஸ்தோத்திரக் காணிக்கை போட்டோம் கேட்டியா."

"எதுக்கும்மா?"

"அப்பா எல்லாம் சொல்லிட்டாரு. மொதல்ல மறைச்சாரு, நாந்தான் நச்சரிச்சுக் கேட்டேன். ஒனக்கு அங்க ஏதோ சொகக்கேடாம்ல? மனசு சரியில்லாம எதையோ பேசினியாம்ல? இப்ப பூரணமா மாறிட்டாம்ல? பாஸ்டரு வாசிச்சாரு, 'அமெரிக்காவில் இருக்கும் தாமஸ் அவர்களின் மகன் ஆட்ரியன் பூரண சுகம் பெற்றதற்காக'ன்னு. எனக்குக் கண்ணீரே வந்துட்டு. வெளிய வந்தா அத்தன பேரும் வந்து கையப் பிடிக்காங்க."

ஆட்ரியன் சுவரில் சாய்ந்துகொண்டான்.

"பொறவு, ஒரு எடம் வந்திருக்கு. ஆன்லின்னு பேரு, பி.எட். படிச்சிருக்கா. ஃபோட்டோ அனுப்பியிருக்கு, இந்த வாரம் வந்திரும். சொகமில்லாத பிள்ளைக்கு எப்பிடிப் பேசுறதுன்னுதான் அப்பா இவ்வளவு நாளும் நிறுத்தி வச்சிருந்தாரு. மாறிட்டுல்லா மக்கா?"

ரிசீவருக்கு அந்தப் பக்கம், அம்மாவுக்குப் பின்னால், யாரோ மூச்சை அடக்கிக்கொண்டு நிற்பது அவனுக்குத் தெரிந்தது. அந்த மூச்சை அவனுக்கு அடையாளம் தெரியும்.

"மாறிட்டும்மா," என்றான்.

"அப்பா பக்கத்துலதான் நிக்காரு. குடுக்கட்டா?"

"எனக்குக் கேட்டுட்டு, கேட்டுட்டு," என்றது அப்பாவின் குரல், தூரத்திலிருந்து. "கார்டு தீந்துரும். வைக்கச் சொல்லு."

வைத்துவிட்டுக் குளியலறைக்குப் போனான். முதல் சோப்பு இலை போலத் தேய்ந்து, தட்டில் ஒட்டிக்கொண்டிருந்தது. அதை நகத்தால் பெயர்த்து எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, குழாயைத் திறந்து, இரண்டாவதைப் பிரித்தான்.